எட்டுக் கோழி, ஒரு முட்டை

மழை பிடித்தால் முட்டை இல்லை என்ற கடிதமும் கூடவே வந்துவிடும். இந்த மாதமும் அப்படித்தான். வந்ததில் ஒரு கடிதம் மட்டும் வீட்டுச் சண்டை உட்பட எல்லா விவரமும் எழுதியிருந்தது. அதற்கு நிதானமாகப் பதில் சொல்லிவிட்டு மற்றவற்றுக்குப் போகிறேன்.

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் வீடு தக்கலை பக்கம். வீட்டைச் சுற்றி 20 சென்ட் விளை, தென்னையும் வாழையும் ரெண்டு சக்கை மரமும் நிற்கின்றன. எட்டுப் பெட்டை, ஒரு சேவல் வளர்க்கிறேன். பெட்டையில் ஐந்து நாட்டுக்கோழி. மற்ற மூன்றும் கிராமப்பிரியா என்று சொல்லி பைக்கில் குஞ்சு விற்க வந்தவரிடம் வாங்கியது, வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆவணி வரைக்கும் தினமும் மூன்று, நான்கு முட்டை எடுத்தேன். புரட்டாசி பாதியில் குறைய ஆரம்பித்து, இப்போது கார்த்திகையில் ஒரு நாள் ஒன்று கிடைக்கும், மறுநாள் அதுவும் இருக்காது. தீனியில் குறை வைக்கவில்லை. காலையும் சாயங்காலமும் ரேஷன் அரிசி, மதியம் மிச்சச் சோறு, அவித்த மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு), கொஞ்சம் தேங்காய்ப் புண்ணாக்கு. கோழிக்கு 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும் என்று வீடியோவில் பார்த்து, கூட்டில் பல்பு மாட்டி ராத்திரி முழுக்க எரிய விடுகிறேன். அப்படியும் பலன் இல்லை. சேவலுக்கு வயசாகிவிட்டது, அதை மாற்று என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. எல்லாவற்றையும் கறிக்குக் கொடுத்துவிட்டு முட்டையைக் கடையில் வாங்கு என்கிறார் மாமியார். நான் என்ன செய்ய?
— ஒரு வாசகி, தக்கலை

பதில்: முதலில் அந்தப் பல்பை அணையுங்கள் அம்மா. மற்றதை அப்புறம் பேசலாம்.

வெளிச்சத்துக்கும் முட்டைக்கும் சம்பந்தம் உண்டு, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. பகல் நீளமாக இருந்தால் கோழியின் மூளை முட்டைப்பைக்கு வேலை கொடுக்கும், பகல் சுருங்கினால் வேலையை நிறுத்தச் சொல்லும். ஆனால் அந்த வீடியோக்காரர்களில் பலர் பேசுவது குளிர்காலத்தில் பகலே எட்டு மணி நேரமாகச் சுருங்கிப்போகிற நாடுகளைப் பற்றி. நம் கன்னியாகுமரி மாவட்டம் பூமத்திய ரேகையிலிருந்து வெறும் 8 டிகிரி தள்ளி இருக்கிறது. மார்கழியில் நமக்குக் கிடைக்கிற மிகக் குறுகிய பகல் ஏறக்குறைய 11 மணி 40 நிமிடம், ஆனியில் மிக நீண்ட பகல் 12 மணி 35 நிமிடம். வருஷம் முழுக்க வித்தியாசம் ஒரு மணி நேரம்கூட இல்லை. நான்கு முட்டை ஒன்றாகிப் போவதற்கு இது காரணமாக இருக்க முடியாது. ராத்திரி முழுக்க விளக்கு எரிந்தால் கோழி தூங்காது, தூங்காத கோழி ஒன்றையொன்று கொத்தும். போதாததற்கு விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடித் தவளை வரும், தவளையைத் தேடி என்ன வரும் என்று விளையில் குடியிருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

சேவலையும் விட்டுவிடுங்கள், பாவம். பெட்டை முட்டையிடுவதற்குச் சேவல் வேண்டியதே இல்லை. அந்த முட்டை குஞ்சு பொரிக்க வேண்டும் என்றால்தான் சேவல் வேண்டும். நாமக்கல் பண்ணைகளில் லட்சக்கணக்கில் முட்டையிடுகிற கோழிகள் ஆயுசுக்கும் ஒரு சேவல் முகத்தைப் பார்த்தது கிடையாது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு உங்கள் சேவல் மேல் வேறு ஏதாவது கோபம் இருக்கலாம், விடியற்காலம் 4 மணிக்குக் கூவுகிறதோ என்னமோ.

இப்போது கணக்குக்கு வருவோம். முட்டை குறைந்துவிட்டது என்று எழுதுகிற பாதிப் பேர் எவ்வளவு கிடைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டதே இல்லை. நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60 முதல் 80 முட்டை இடும், அவ்வளவுதான் அதன் ரத்தத்தில் இருப்பது. பத்துப் பன்னிரண்டு முட்டை தொடர்ந்து இடும், உடனே அடைக்கு உட்காரும், 21 நாள் காத்துக் குஞ்சு பொரித்தால் ரெண்டு மூன்று மாதம் குஞ்சைக் கூட்டிக்கொண்டு விளை விளையாகச் சுற்றும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கிராமப்பிரியா ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிலையம் புழக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய முட்டை இனம். வீட்டுப் பராமரிப்பில் வருஷத்துக்கு 160 முதல் 200 வரை எதிர்பார்க்கலாம். அப்படியானால் உங்கள் ஐந்து நாட்டுக்கோழிக்கு வருஷம் 300 முதல் 400, மூன்று கிராமப்பிரியாவுக்கு 480 முதல் 600. கூட்டி 365-ஆல் வகுத்துப் பாருங்கள், எல்லாம் ஒழுங்காக நடந்தாலே நாளுக்குச் சராசரி ரெண்டு, ரெண்டரை முட்டைதான் வரும். இடுகிற காலத்தில் நான்கு வரும், ஓய்வுக் காலத்தில் ஒன்றோ பூஜ்யமோ வரும். வருஷம் 300 முட்டை என்று நீங்கள் வீடியோவில் பார்ப்பது கூண்டில் அடைத்து, எடை போட்டுத் தீனி கொடுத்து வளர்க்கிற வெள்ளை லெக்ஹார்ன் வகைக் கோழிகளின் கணக்கு. நம் முற்றத்துக் கோழியிடம் அதைக் கேட்பது நியாயம் இல்லை. அப்புறம், பைக்கில் விற்க வந்தவர் கிராமப்பிரியா என்றுதான் சொன்னார், குஞ்சு என்ன சொன்னதோ தெரியாது. ஒரு நாள் குஞ்சில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஆக உங்கள் எட்டுக் கோழி ஆவணி வரைக்கும் நன்றாகவே இட்டிருக்கின்றன. புரட்டாசியில் என்ன ஆனது? கூட்டுக்குள்ளேயும் வாழை மூட்டிலும் இறகு கிடக்கிறதா என்று பாருங்கள். கழுத்து மொட்டையாக, வால் இல்லாமல், மழையில் நனைந்த விளக்குமாறு போல ஒன்றிரண்டு நிற்கிறதா? அப்படியென்றால் இறகு உதிர்க்கிறது. ஏறக்குறைய ஒன்றரை வயதில் கோழி முதல் தடவை பெரிதாக இறகு மாற்றும், உங்கள் கிராமப்பிரியாவுக்கு இப்போது அதே வயசு. கழுத்தில் தொடங்கி உடம்பு, இறக்கை, வால் என்று போகும். ரெண்டு மாதம், சிலதுக்கு மூன்று மாதம் ஆகும். அந்த நாளில் முட்டை நின்றுபோவது நோய் இல்லை, அதற்கு மருந்தும் இல்லை. இறகு என்பது கிட்டத்தட்ட முழுக்கப் புரதம். சாப்பிடுகிற புரதத்தை எல்லாம் இறகுக்குக் கொடுத்துவிட்டால் முட்டைக்கு மிச்சம் ஏது? இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். நன்றாக முட்டையிடுகிற கோழி தாமதமாக உதிர்க்கத் தொடங்கி, மடமடவென்று உதிர்த்து, சீக்கிரம் முடித்துவிடும். பார்க்க அலங்கோலமாக நிற்பது அதுதான். மாமியார் முதலில் கறிக்கு என்று அதைத்தான் கை காட்டுவார், கொடுத்துவிடாதீர்கள்.

தீனியில் குறை வைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அளவில் இல்லை, சரி. ஆனால் நீங்கள் போடுவது எல்லாம் மாவு. அரிசியில் புரதம் 7 சதவீதம் சொச்சம், மரச்சீனியில் 2 சதவீதம் இருந்தாலே அதிகம். முட்டையிடுகிற கோழிக்குத் தீனியில் 16 சதவீதமாவது புரதம் வேண்டும். வெயில் காலத்தில் கோழி விளையைக் கிளறிப் புழு, கறையான், வெட்டுக்கிளி என்று மிச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும், அதனால்தான் ஆவணி வரைக்கும் வண்டி ஓடியது. அடைமழையில் கோழி பாதி நாள் கூட்டோரத்தில் ஒண்டி நிற்கிறது, நீங்கள் போடுகிற அரிசியும் மரச்சீனியும்தான் சாப்பாடு. அதுவும் மூன்று வேளை. வயிற்றுக்குள் கொழுப்பு கட்டிய கோழியும் முட்டையிடாது. கறிக்கு அறுக்கும்போது கை நிறைய மஞ்சள் கொழுப்பு வந்தால் பெண்கள் சந்தோஷப்படுவார்கள், நான் அந்தக் கோழி ஏன் முட்டையிடவில்லை என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

கடையில் முட்டைக்கோழித் தீவனம் கிடைத்தால் அதை வாங்கிப் பாதிக்குப் பாதி கொடுப்பது சுலபம். கறிக்கோழித் தீவனம் வேண்டாம், அதில் சுண்ணாம்புச் சத்து போதாது. வீட்டிலேயே கலக்குவது என்றால் குருணையோ உடைத்த மக்காச்சோளமோ 4 பங்கு, தவிடு 2 பங்கு, தேங்காய்ப் புண்ணாக்கு 2 பங்கு, உப்புப் போடாமல் காயவைத்த மீன் தூள் 1 பங்கு என்று கலக்குங்கள். நம் மாவட்டத்துக்காரருக்கு மீனுக்கா பஞ்சம்? குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கமிருந்து வருகிற மீன்காரரிடம் சொல்லிவைத்தால் விலை போகாத பொடி மீன் தருவார், நெத்தோலித் தலையும் ஆகும். உப்புக் கருவாட்டைப் போட்டுவிடாதீர்கள், உப்பு அதிகமானால் கோழி தண்ணீராகக் கழியும், செத்தும் போகும். மீனை ஒரு பங்குக்கு மேல் ஏற்றினால் முட்டையில் மீன் வாடை அடிக்கும், அதைச் சாப்பிட்டுவிட்டு வீட்டில் என்னைத் திட்டுவீர்கள். முருங்கை இலை தாராளமாகப் போடலாம். பச்சை மரச்சீனித் தோலும் இலையும் ஆகாது, அதில் சயனைடு விஷம் இருக்கிறது. அவித்த கிழங்கு ஒரு பிடி போதும். அடைத்து வளர்க்கிற பெரிய கோழி நாளுக்கு 100, 110 கிராம் தின்னும். மேய விடுகிற கோழிக்கு அதில் பாதி, அதாவது உங்கள் எட்டுக்கும் நாளுக்கு 400 கிராம், காலையில் கொஞ்சமும் அடையும் முன் மிச்சமுமாகக் கொடுத்தால் போதும். மழை விடாமல் பெய்கிற நாளில் மட்டும் கூட்டிப் போடுங்கள், மேய்ச்சல் இல்லையே.

தேங்காய்ப் புண்ணாக்கைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் சாக்கில் கிடக்கிற புண்ணாக்கு பூஞ்சை பிடிக்கும். கறுப்பாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், ஏன், கட்டி தட்டி மக்கல் வாடை அடித்தாலே அதைக் கோழிக்குப் போடாதீர்கள். அந்தப் பூஞ்சையின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். முட்டையின் மஞ்சள் கருவுக்கு வேண்டிய கொழுப்பு ஈரலில்தான் உற்பத்தியாகிறது, ஈரல் கெட்டால் முட்டை எங்கிருந்து வரும்? மாட்டுக்குத்தான் ஆகாது, கோழி தின்னட்டும் என்று கெட்டுப்போனதைக் கோழிப் பக்கம் தள்ளுகிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. கோழி மாட்டைவிட அந்த நஞ்சை மோசமாகத் தாங்கும். கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள், அடுக்களை அடுப்புக்கு மேல் பரண் இருந்தால் அங்கே வையுங்கள்.

அப்புறம் சுண்ணாம்புச் சத்து. ஒரு முட்டை ஓட்டில் 2 கிராம் கால்சியம் இருக்கிறது, தின்கிற தீனியில் கிடைக்காவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும், அதுவும் தீர்ந்தால் முட்டையை நிறுத்தும். நமக்குக் கடற்கரையிலேயே கிளிஞ்சல் கிடக்கிறது. கழுவிக் காயவைத்துக் குருணை அளவுக்கு இடித்து, தீனியில் கலக்காமல் ஒரு சிரட்டையில் தனியாக வையுங்கள். வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும், சேவலும் குஞ்சும் தேவையில்லாமல் தின்ன வேண்டாம். முட்டைக்கு ஓடு கட்டுவது ராத்திரி நேரத்தில்தான் அதிகம் என்பதால் சாயங்காலம் சிரட்டை காலியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு சந்தேகம். கோழி இடுகிற முட்டை எல்லாம் உங்கள் கைக்கு வருகிறதா? 20 சென்ட் விளையில் மேய்கிற கோழிக்கு முட்டையிட ஆயிரம் இடம். கூடு நனைந்து நாறினால் அது நிச்சயம் ஓலைக்குவியலுக்குள்ளேயோ வாழைச் சருகுக்குள்ளேயோ போய்விடும். ஒரு வாரம் காலை 10 மணி, முடிந்தால் 11 மணி வரைக்கும் கோழிகளைத் திறக்காமல் தீனியும் தண்ணீரும் உள்ளேயே வைத்துப் பாருங்கள், பெரும்பாலான முட்டை காலையில்தான் விழும். ஒரு முட்டைக்கும் அடுத்த முட்டைக்கும் 24 முதல் 26 மணி நேரம் ஆவதால், இன்றைக்கு 7 மணிக்கு இட்டது நாளை 8, 9 என்று தள்ளிக்கொண்டே போய், பிற்பகலுக்கு வந்ததும் ஒரு நாள் விட்டுவிட்டு மறுபடி காலையில் தொடங்கும். நம் ஆச்சிமார் காலையில் கூட்டைத் திறக்கும்போது ஒவ்வொன்றாகப் பிடித்துத் தடவிப் பார்த்து, முட்டை இருக்கிற கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டுத்தான் மற்றதை விடுவார்கள். அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. நாலு கோழிக்கு ஒரு கடவம் (ஓலைப்பெட்டி) என்று ரெண்டு கடவத்தில் வைக்கோல் போட்டு, கூட்டில் இருட்டான மூலையில், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் வையுங்கள்.

கடைசியாக, எதை வைப்பது, எதை விற்பது. கோழியைப் பிடித்து, முட்டை வருகிற வாய்க்கு இரு பக்கமும் இருக்கிற கூர்மையான எலும்புகளுக்கு நடுவில் விரலை வைத்துப் பாருங்கள். ரெண்டு மூன்று விரல் நுழைகிற இடைவெளி, வாய் அகலமாக ஈரமாக, கொண்டை சிவந்து இருந்தால் அது இடுகிற கோழி. ஒரு விரலுக்கே இடம் இல்லை, வாய் சுருங்கிக் காய்ந்து இருக்கிறது என்றால் இப்போது இடவில்லை. இப்போது என்பதைக் கவனியுங்கள், இறகு உதிர்க்கிற கோழி எல்லாமே இப்படித்தான் இருக்கும். ஆகையால் தை பிறக்கட்டும், இறகு முழுதாக முளைக்கட்டும், அப்புறம் ஒருமுறை பாருங்கள். தை மாசி வரைக்கும் நல்ல தீனி தின்றும் எலும்பு விரியாத கோழி ஏதாவது இருந்தால் மாமியார் சொல்வதைக் கேட்கலாம். நாட்டுக்கோழிகளின் வயசு எழுதவில்லை, மூன்று வருஷம் தாண்டியது எது என்று உங்களுக்குத் தெரியும்.

தீனியை இன்றைக்கு மாற்றினால் நாளைக்கே முட்டை எதிர்பார்க்காதீர்கள். ஒரு மஞ்சள் கரு வளர்ந்து முதிரவே 10 நாள் பக்கம் ஆகும், அதுவும் இறகு வேலை முடிந்த கோழிக்கு. பல்பு ஆசை விடவில்லை என்றால், தையில் அந்த மூன்று கிராமப்பிரியாவுக்காக விடியற்காலம் நாலு நாலரைக்குப் போட்டு, விடிந்ததும் அணைக்கலாம். மொத்தம் 14 மணி நேரம் ஆகிவிடும். சாயங்காலம் போட்டுத் திடீரென்று அணைத்தால் கோழி இருட்டில் ஏறி அடைய முடியாமல் தரையிலேயே நிற்கும். நாட்டுக்கோழிக்கு இந்தக் கரண்டு செலவு வீண்.

கேள்வி: போன பங்குனி சித்திரையில் முட்டை ஓடு காகிதம் மாதிரி மெலிந்து, எடுக்கும்போதே உடைந்தது. கிளிஞ்சல் கொடுத்துத்தான் வந்தேன். தகரக் கூடு. வரும் கோடைக்கு முன்னால் ஏதாவது செய்ய வேண்டுமா?
— ஒரு வாசகர், குளச்சல்

பதில்: தகரத்தின் மேல் கீற்று வேயுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கோழிக்கு வேர்வை கிடையாது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியே விடும். விடாமல் இளைத்தால் ரத்தத்தில் இருக்கிற கரியமில வாயு குறைந்துபோகும். முட்டை ஓடு சுண்ணாம்பும் அந்த வாயுவும் சேர்ந்து ஆவதுதான். அதனால் சுண்ணாம்பு வயிற்றில் நிறைய இருந்தாலும் ஓடு மெலியும். கடற்கரைக் காற்றின் ஈரம் வேறு, இளைப்பதாலும் சூடு சரியாக இறங்குவதில்லை. சூட்டில் தீனியும் எடுக்காது. விடிந்ததும் ஒருமுறை, வெயில் தாழ்ந்த பிறகு ஒருமுறை தீனி வையுங்கள், உச்சிப் பொழுதில் போட்டால் செரிக்கிற சூடும் சேரும். தண்ணீரை மண் சட்டியில், நிழலில், ரெண்டு மூன்று இடத்தில் வைத்து மதியம் ஒருமுறை மாற்றுங்கள். கோழி ஒன்றுக்குச் சாதாரண நாளிலேயே கால் லிட்டர் பக்கம் வேண்டும், கோடையில் அதைப்போல் இரு மடங்கு குடிக்கும். அரை நாள் தண்ணீர் இல்லாமல் போனால் நாலைந்து நாள் முட்டையில் தெரியும். பல வீடுகளில் கோழிக்குத் தண்ணீர் என்றால் அடுக்களைக் கழிவு போகிற ஓடைதான், அதைக் குடித்துக்கொள்ளும் என்கிறார்கள். குடிக்கும், அப்புறம் வயிற்றில் பூச்சியோடு வரும்.

கேள்வி: புரட்டாசியில் வெள்ளைக்கழிச்சல் வந்து பதினொன்றில் ஒன்பது கோழி போய்விட்டது. தப்பிய ரெண்டும் இப்போது நன்றாகத் தின்கின்றன. ஆனால் ஒன்று முட்டையே இடவில்லை, இன்னொன்று இடுவது கோணல் மாணலாக, ஓடு சுருங்கி, உடைத்தால் வெள்ளைக் கரு தண்ணீராக ஓடுகிறது. மருந்து உண்டா?
— ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: ஒன்பது கோழி போனதைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது அம்மா. ராணிக்கெட் நோய் என்று கால்நடை மருந்தகத்தில் சொல்வது இதைத்தான், ராணிக்கெட் என்பது உத்தராகண்டில் உள்ள ஒரு மலை ஊரின் பெயர். இது வைரஸ் நோய், வந்த பிறகு குணமாக்குகிற மருந்து கிடையாது. தப்பிக்கிற கோழியின் முட்டைக்குழாயை அது கெடுத்துவிட்டுப் போகும். நீங்கள் பார்க்கிற கோணல் முட்டையும் தண்ணிக் கருவும் அதன் தடம்தான். சில கோழி ஒன்றிரண்டு மாதத்தில் தேறும், சிலது தேறாது. தைக்குள் சரியாகவில்லை என்றால் அந்த ரெண்டின் மேல் முட்டை ஆசையை விட்டுவிடுங்கள்.

அவசரமான வேலை வேறு. புதுக்குஞ்சு வாங்கி இந்த ரெண்டோடு விடுவதற்கு முன்னால் தடுப்பு மருந்து முடித்திருக்க வேண்டும். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வாரம் மறுபடி சொட்டு, 8 வாரத்தில் இறக்கையில் ஊசி. அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒருமுறையாவது போட வேண்டும். கால்நடைப் பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரி மாதம் கோழிகளுக்கு இலவச முகாம் நடத்தும், கிராமத்துக்கே வருவார்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் முகாமுக்குப் போனால் நாலு கோழிக்கு யார் ஊசி போடுவார் என்று சிரித்தவர்கள் உண்டு. கோழிகளைக் காலையில் திறக்காமல் வைத்திருந்தால்தான் ஊசி போட முடியும், விளையில் ஓடவிட்டுவிட்டு ஊசிக்காரரைக் கூப்பிட்டால் மத்தியானம் வரைக்கும் துரத்த வேண்டியதுதான். நோயோடு தூங்கி விழுகிற கோழிக்கு ஊசி போடக் கூடாது. கூட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, பழைய வைக்கோலை எரித்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு நாட்டுக்கோழி முட்டையே இல்லாத கடவத்தில் அடைக்கு உட்கார்ந்துகொண்டு எழ மாட்டேன் என்கிறது, மூன்று வாரம் ஆகிறது. ஆச்சி அதன் இறகையே பிடுங்கி மூக்கில் குத்தி விடு என்கிறார். செய்யலாமா?
— ஒரு வாசகர், தோவாளை

பதில்: செய்ய வேண்டாம். இறகு குத்தினால் கோழி வலியில் நிலைகொள்ளாமல் திரியும், அதனால் அடை விட்டுப்போகும், உண்மைதான். ஆனால் புண் வைக்கும், தீனி எடுக்காது, முட்டை இன்னும் தள்ளிப்போகும். தண்ணீரில் முக்குவதும் அப்படியே, இந்த மழையில் சளி பிடிக்கும். அடை என்பது வயிறு கதகதப்பாக, இருட்டாக, மெத்தென்று இருக்கிற வரைக்கும்தான். அந்தக் கோழியை அடியில் கம்பி வலை போட்ட ஒரு கூண்டில், வைக்கோல் எதுவும் இல்லாமல், தரையில் படாமல் ரெண்டு கல்லின் மேல் தூக்கி, வெளிச்சமான இடத்தில் மூன்று நாலு நாள் வையுங்கள். தீனியும் தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும். அடியிலிருந்து காற்று பட்டுக்கொண்டே இருந்தால் அதுவே எழுந்து நிற்கும். வெளியே விட்டதும் மறுபடி கடவத்துக்கே ஓடினால் இன்னும் ரெண்டு நாள். மூன்று வாரம் விடாமல் உட்கார்ந்திருப்பதால் இளைத்துப்போயிருக்கும், பழையபடி முட்டைக்கு வர ரெண்டு மூன்று வாரம் பிடிக்கும். அடை தொடங்கின முதல் நாளே பிடித்தால் சீக்கிரம் முடியும்.

இல்லாவிட்டால் இன்னொன்று செய்யலாம். பத்து நல்ல முட்டை வாங்கி அதன் அடியில் வைத்துவிடுங்கள். ஆனால் ஏற்கெனவே மூன்று வாரம் உட்கார்ந்த கோழியை இன்னும் 21 நாள் உட்கார வைப்பது கொஞ்சம் கொடுமை, அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோழி கொக்கரிக்கிறது, போய்ப் பார்த்தால் முட்டை இல்லை. சில நாள் ஓட்டுத் துண்டு கிடக்கும், சில நாள் தடமே இல்லை. ராத்திரி கோழிகள் கூட்டுக்குள் போகவும் மறுக்கின்றன, சக்கை மரத்தில் ஏறி அடைகின்றன.
— ஒரு வாசகர், திருவட்டாறு

பதில்: உங்கள் வீட்டில் ரெண்டு திருடர் இருப்பார்கள் போலிருக்கிறது. தடமே இல்லாமல் முழுசாகப் போனால் உடும்போ பாம்போ காக்கையோ. நொறுங்கிய ஓடு பக்கத்திலேயே கிடந்தால் கீரி. கடவத்து வைக்கோல் பிசுபிசுவென்று ஒட்டி, ஏதாவது ஒரு கோழியின் அலகில் மஞ்சள் காய்ந்திருந்தால் திருடி வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள். மெலிந்த ஓடு ஒருநாள் தானாக உடைந்து ருசி கண்டதும் அந்தப் பழக்கம் வரும். கிளிஞ்சல் வையுங்கள், கடவத்தை இன்னும் இருட்டாக்குங்கள், நாளுக்கு ரெண்டு மூன்று தடவை முட்டையை எடுங்கள். முட்டை அளவில் வழுவழுப்பான வெள்ளைக் கல் ரெண்டை வைத்துவிட்டால் நாலு நாள் கொத்திப் பார்த்துச் சலித்துப்போகும்.

கூட்டுக்குள் போக மறுப்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இன்று ராத்திரி 9 மணிக்கு டார்ச்சோடு போய், கோழி அடைகிற கம்பின் அடிப்பக்கத்தையும் பலகை இடுக்கையும் பாருங்கள், வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. துணியில் சிவப்பாக ரத்தப் புள்ளி விழுந்தால் அது செள் என்கிற பொடிப் பூச்சி. பகலில் இடுக்கில் ஒளிந்துகொண்டு ராத்திரி மட்டும் வந்து ரத்தம் குடிக்கும், அதனால் பகலில் கோழியைப் பிடித்து எவ்வளவு தேடினாலும் ஒன்றும் தெரியாது. கொண்டை வெளுத்துப்போகும், முட்டை நிற்கும், கூட்டைக் கண்டாலே கோழி ஓடும். கோழிக்கு மருந்து அடிப்பதைவிடக் கூட்டுக்குத்தான் வைத்தியம் வேண்டும். எல்லாக் கம்பையும் வெளியே எடுத்துக் கொதிக்கிற வெந்நீர் ஊற்றுங்கள், பலகை இடுக்கு எல்லாம் சுண்ணாம்பு அடித்து அடைத்துவிடுங்கள், பழைய வைக்கோலை எரியுங்கள், ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை இதே வேலை, ஏனென்றால் முட்டையிலிருந்து புதுச் செள் வந்திருக்கும். கோழி குளிக்க மழை படாத ஒரு மூலையில் அடுப்புச் சாம்பலும் காய்ந்த மணலும் கலந்து குவித்து வையுங்கள். பூச்சிமருந்து அடிக்க வேண்டிய நிலை வந்தால் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ரப்பருக்கு அடித்த மிச்சத்தைக் கூட்டில் அடித்துவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.